பதினோரு பொட்டலங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் ஏழாவது வரிசையில் இருந்தேன். மக்காச்சோள இலையை அரைத்து எடுத்த டி.என்.ஏ.வைப் பிளேட்டில் குழிக்கு ஒரு சொட்டாக விடுகிற வேலை. மொத்தம் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. அண்ணன் பஸ் நிறுத்தத்தில் சரிந்து விழுந்ததாகவும், தூக்கி வரும் வழியிலேயே உயிர் போய்விட்டதாகவும் ஒரு நர்ஸ் சொன்னார். நான் சரி என்றேன். எட்டாவது வரிசையையும் முடித்து, பிளேட்டை மூடி, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இதை ஆய்வகத்தில் யாரோ பார்த்து வெளியே சொல்லியிருக்கிறார்கள். கல்நெஞ்சுக்காரி என்று பேச்சு. கல்லாக இருந்தால் கனமாவது தெரிந்திருக்கும். எனக்கு எதுவுமே தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், கையை விட்டுவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே பயிர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை. அவர் சேகரிப்பாளர். ஊர் ஊராகப் போய், கம்பெனி விதைக்கு மாறாமல் இன்னும் பழைய மக்காச்சோளத்தையே விதைக்கிறவர்களைத் தேடிப்பிடித்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் விதை வாங்கி வருவார். பொட்டலத்தின் மேல் ஊர், நிலத்தின் உயரம், மண்ணின் நிறம், கொடுத்தவர் பேர், அவர் அந்த ரகத்துக்குச் சொல்கிற பேர் எல்லாம் எழுதுவார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. மூன்று வருஷத்தில் இருநூறுக்கு மேல் கொண்டுவந்திருந்தார்.

அதற்குப் பிறகு என் வேலை தொடங்கும். இந்த இருநூறும் உண்மையிலேயே இருநூறுதானா என்று பார்க்க வேண்டும். ஒரே ரகத்துக்குப் பத்து ஊரில் பத்துப் பேர் இருக்கும். ஒரே பேரில் இரண்டு மலையில் இருப்பவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இருக்கும். வறட்சி தாங்குகிற புது ரகம் உருவாக்க வேண்டுமானால் எதை எதோடு சேர்ப்பது என்று தெரிய வேண்டும். அதற்கு எது எவ்வளவு வேறு என்று முதலில் தெரிய வேண்டும். ரகத்துக்கு இருபது செடி முளைக்க வைத்து, இருபது இலை கிள்ளி, ஒவ்வொன்றிலும் முப்பது இடத்தில் மரபணுவைப் பார்ப்போம். மக்காச்சோளத்துக்குக் காற்றுதான் தரகர். ஒரே கதிரில் இருக்கிற மணிகளுக்கு அப்பன்மார் வேறு வேறு. அதனால் ஒரு நாட்டு ரகத்தை எடுத்தால் மரபணுவின் ஒரே இடத்தில் மூன்று, நான்கு, சில சமயம் ஏழு வடிவம்கூடத் தென்படும்.

அண்ணன் போய் ஐந்து மாதம் கழித்துக் கடைசித் தொகுதியின் முடிவுகள், பொட்டலத்துக்கு ஒரு புள்ளியாக, திரையில் வந்தன. அதில் பதினோரு பொட்டலங்கள் ஒரே புள்ளியில் போய் விழுந்திருந்தன. பதினோரு ஊர், ஊருக்கும் ஊருக்கும் நடுவே மலை. ஆனால் பொட்டலத்துக்குப் பொட்டலம் வித்தியாசம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. முப்பது இடத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எங்கேயும் இரண்டு வடிவத்துக்கு மேல் இல்லை. மூன்றாவது ஒன்று இருநூற்றிருபது செடியில் ஒன்றில்கூட இல்லை.

அப்படி வருவது ஒரே ஒரு விதத்தில்தான். ஒரு தாய், ஒரு தகப்பன் என்று இரண்டே தூய வம்சத்தைச் சேர்த்துக் கம்பெனி விற்கிற ஒட்டு ரகம். அதை ஒருவர் விதைத்து, அறுத்து, தானியமாக விற்றிருக்கிறார். அந்தத் தானியம் இது.

என் கையில்தான் ஏதோ தப்பு என்று முதலில் நினைத்தேன். ஒரு சொட்டு தவறி இன்னொரு குழியில் விழுந்தாலே எல்லாம் குழம்பிவிடும். மறுபடி விதை முளைக்கப் போட்டேன். மறுபடி இலை கிள்ளினேன். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை, என்னைக் கண்டால் ஆகாத இன்னொரு ஆய்வாளரிடம் பொட்டலத்தின் எண்ணைச் சொல்லாமல் கொடுத்துச் செய்யச் சொன்னேன். ஏதாவது ஒரு தப்பு கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவருக்கும் அதே முடிவுதான் வந்தது.

விதைக் கிடங்கின் குளிர் அறைக்குப் போய் அந்தப் பதினோரு பொட்டலங்களையும் மேஜையில் கொட்டினேன். எல்லாமே ஒரே மஞ்சள். ஒரே அளவு. சிலவற்றில் சாக்கு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே அண்ணனின் கையெழுத்து. கொடுத்தவர் பேர், மண்ணின் நிறம், உயரம் எல்லாம் குறையில்லாமல் எழுதியிருந்தார். ஒன்றில் 'விவசாயி அதிகம் பேசமாட்டார்' என்றுகூட ஒரு குறிப்பு. குளிர் அறையில் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கும். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காவலர் வந்து கதவைத் தட்டினார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின அந்தப் பயணத்தில் அண்ணனோடு போனவர் நிலையத்து டிரைவர். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமாட்டார் என்பதால் அவருக்கு நாற்பது என்றே பேர். சைக்கிள்காரர்கள்கூட அவர் ஜீப்பை முந்திப் போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் போனபோது ஷெட்டில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய பயணப் பதிவேட்டில் பதினோரு ஊரின் பேரும் வரிசையாக எழுதி அவர் கையெழுத்தும் இருக்கிறதே என்று கேட்டேன். அவர் குழாயை மூடினார்.

"நாங்க எங்கயும் போகல, தங்கச்சி. மலைக்குக் கீழ ஒரு லாட்ஜ் இருக்கு. பதினோரு நாளும் அங்கதான் இருந்தோம்."

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"முதல் நாள் காலைல வண்டிய எடுத்துட்டு நிக்கிறேன், சார் வரல. மேல போய்ப் பாத்தா ஒரு கால்ல ஷூ போட்டிருக்காரு, இன்னொண்ணு கைல இருக்கு. கட்டில்ல உக்காந்திருக்காரு. சரி, வருவாருன்னு கீழ வந்துட்டேன். மத்தியானம் போனேன். அப்பவும் அந்த ஷூ கைலயேதான் இருக்கு."

காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார். இல்லை. வலி ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். அதுவும் இல்லை. சாப்பாடு வாங்கிக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டு, போதும் என்று கைகழுவிவிடுவாராம். வீட்டுக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கு, போனை வாங்கி அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாராம். பத்தாம் நாள் மட்டும் எழுந்து குளித்து, பக்கத்துத் தெரு மாட்டுத் தீவனக் கடையில் ஒரு சாக்கு மக்காச்சோளம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து பதினோரு பொட்டலம் கட்டி, வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றின் மேலும் எழுதினாராம்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா அண்ணே?"

"என்னத்த சொல்றது? எழுதும்போதுதான் பழைய ஆள் மாதிரி இருந்தாரு. சரி, தெளிஞ்சுட்டாருன்னு நினைச்சேன். வண்டில கிலோமீட்டர் ஏறணுமேன்னு நான் பாட்டுக்கு மெயின் ரோட்டுல போய்ட்டுப் போய்ட்டு வந்தேன். அன்னைக்கு அறுபதுல ஓட்டினேன்னா பாத்துக்குங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அவரக் காட்டிக்குடுக்கலன்னு ரெண்டு வருஷம் பெருமையா இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அன்று சாயங்காலம், நாங்கள் சேர்ந்து இருக்கிற வீட்டில், அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். வேலை முடிந்து வந்தால் விரல் நுனியில் இருக்கிற மாவு போகிறவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். கழுவிக்கொண்டிருந்தவர், லாட்ஜ் என்றதும் திரும்பினார். எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன்.

"பதினோரு நாள்தானே?"

ஆமாம் என்றேன். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பதினோரு நாளும் அண்ணி போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அண்ணன் திரும்பி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, மலையில் சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கிறார். மலையில் சிக்னல் உண்டு என்பது அண்ணிக்குத் தெரியும். கடைக்கு அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். நேராகவே ஒருதடவை கேட்டாராம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அதுக்கப்புறம் நான் அவருகிட்ட முகம் குடுத்துப் பேசல. சாப்பாடு போடும்போது தட்டப் பாத்துப் போடுவேன். சாகுற அன்னைக்குக் காலைலயும் அப்படித்தான்."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த டிரைவர் பொய் சொல்லலையே?"

"அவரு சொன்னது நிஜம், அண்ணி. பொட்டலத்துல எழுதினதுதான் பொய்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டார். ஏழு மாதமாக அழுத அழுகை வேறு, இது வேறு. நான் போய்த் தோளில் கை வைத்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்ததால் செய்தேன். அது என் கைதான் என்பது கண்ணால் பார்த்தபோதுதான் உறுதியாயிற்று.

முகம் கழுவிக்கொண்டு வந்து, இதை ஆபீஸில் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டார். ஆகவேண்டும் என்றேன். பொட்டலங்கள் குளிர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தால் பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தலைவர் போன வருஷமே இருநூறு ரகத்தையும் வயலில் விதைத்துப் பார்த்து, நன்றாக விளைந்த ஆறு ரகங்களைப் புது ரகத்துக்குப் பெற்றோராகத் தேர்ந்தெடுத்துவிட்டார். அதில் இரண்டு, இந்தப் பதினொன்றில் இருந்து போனவை. கம்பெனி ரகத்தின் பிள்ளைகள், நாட்டு ரகங்களுக்கு நடுவே நின்றால் தலை நிமிர்ந்துதான் நிற்கும். இரண்டு பருவமாக அவற்றின் மகரந்தத்தை உறை போட்டுப் பிடித்து மற்றவற்றோடு சேர்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லிடு. ஆனா அவரு உடம்பு சரியில்லாம இருந்தாருன்னும் சேத்துச் சொல்லு. அத விட்டுட்டு இத மட்டும் சொல்லாத."

மறுநாள் தலைவரின் அறையில் தாள்களை விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். எத்தனை தடவை செய்தீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். மூன்றாவது யார் செய்தது என்று சொன்னதும் அவருக்குச் சந்தேகம் போய்விட்டது. விதை முளைக்கவில்லை என்று எழுதி ஒன்பதை ஒதுக்கிவிடலாம், இறந்துபோனவர் பேரை இழுக்க வேண்டாம் என்று பாதி தனக்கே சொல்வதுபோல் ஆரம்பித்தார். மிச்சம் இரண்டை நினைத்ததும் நிறுத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வயலில் உறை போட்ட கதிர்கள் தெரிந்தன.

"ரெண்டு பருவம் போச்சு" என்றார்.

"ஆமா சார்."

"அவரு உங்க அண்ணன்தானே? இத நீங்களே கொண்டுவந்து குடுக்கிறீங்க."

"அவருக்கு அப்போ உடம்பு சரியில்ல சார். எழுந்திருக்க முடியாம இருந்திருக்காரு. அதையும் சேத்து எழுதணும்."

சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில், அந்தப் பதினோரு ஊருக்கும் யாராவது இப்போதாவது போக வேண்டும், நீங்களே போகிறீர்களா என்று கேட்டார். சரி என்றேன். எனக்கு அப்போது எல்லாவற்றுக்கும் வாயில் வந்த வார்த்தை அதுதான்.

நாற்பது ஜீப்பை ஓட்டினார். ஆறு நாள் ஆயிற்று. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து எழுதிய உயரங்களும் மண்ணின் நிறங்களும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. வரைபடத்தை அவ்வளவு நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். ஆட்களின் பேர்கள் மட்டும் எந்த ஊரிலும் இல்லை. ஆறு ஊரில் பழைய ரகம் இன்னும் இருந்தது. வெள்ளை, மஞ்சள், மணிக்கு மணி நிறம் மாறுகிற ஒன்று. ரகத்துக்கு ஐம்பது கதிர் வாங்கி, பேர் கேட்டு எழுதிக்கொண்டேன். நான்கு ஊரில் கம்பெனி விதை வந்து நான்கைந்து வருஷம் ஆகிவிட்டது என்றார்கள்.

பதினோராவது ஊரில் ஒரு பெண் களை பறித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பழைய மக்காச்சோளம் இருக்கிறதா என்று கேட்டதும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தன் மாமியார் வழியில் வந்த ஒரு ரகம் இருந்தது என்றார். கருஞ்சிவப்பு மணி. இடுப்புயரச் செடி. எழுபத்தைந்து நாளில் அறுத்துவிடலாம். மழை ஏமாற்றின வருஷத்திலும் வீட்டுக்கு ஆகிறமாதிரி ஏதோ கொடுத்துவிடும். எங்கள் நிலையம் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"இப்ப இருக்கா?"

"இல்லயே. ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க, விதை கேப்பாங்கன்னு சொல்லிவிட்டிருந்தாங்க. நல்ல கதிரா பாத்து ஒரு பை எடுத்து வெச்சிருந்தேன். யாரும் வரல. அடுத்த பருவம் நாங்க மாறிட்டோம். அந்தப் பை பூச்சி விழுந்துச்சு, கோழிக்குப் போட்டுட்டேன்."

அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். அவர் வரப்பில் நின்றபடியே நாலு வீட்டுக்குக் குரல் கொடுத்து விசாரித்தார். யாரிடமும் இல்லை. படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு, அன்றைக்கு வர வேண்டியவர் என் அண்ணன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஏன் வரல?"

"உடம்பு சரியில்லாம இருந்தாரு."

"அடடா. சொல்லி அனுப்பியிருந்தா நானே கொண்டுவந்து குடுத்திருப்பேனே" என்றார் அவர். "இப்ப எப்படி இருக்காரு?"

நான் பேனாவை மூடினேன். நாற்பதுதான் பதில் சொன்னார். அந்தப் பெண் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். தொண்டையில் இறங்கியது தெரிந்தது. குளிர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில், மலை இறங்கி முடித்ததும் நாற்பது வண்டியை ஓரமாக நிறுத்தினார். டயர் என்று நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஆறு நாளா பாக்குறேன், தங்கச்சி. முன்னால வெச்சா சாப்பிடுறீங்க, எடுத்துட்டா விட்டுடுறீங்க. நேத்து வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னீங்க, நிழலுக்கு வரணும்னு தோணல. என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணும் இல்லங்கிறீங்க. அன்னைக்கு நான் வாய மூடிட்டு இருந்தேன். இன்னைக்கு இருக்க மாட்டேன். வீட்ல போய் உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான் வண்டிய ஷெட்டுல விடுவேன்."

சொன்னபடியே செய்தார். வாசலில் நின்று அண்ணியிடம் அவர் பேசியதை நான் உள்ளே பையை இறக்கிக்கொண்டே கேட்டேன். வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. அண்ணி மறுநாள் கடைக்கு லீவு போட்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, என்ன நம்பர் எல்லாம் அவரே விசாரித்து வைத்திருந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முறை வருகிறவரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் எழுந்து ஓடிவிடுவேன் என்பதுபோல. ஓடுவதற்கு எனக்கு எங்கே தெம்பு இருந்தது. உள்ளே இருந்த பெண் மருத்துவர் அவசரப்படாமல் கேட்டார். எவ்வளவு நாளாக என்றார். ஏழு மாதம், பத்தொன்பது நாள் என்றேன். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றார். அண்ணி என்னை முந்திக்கொண்டு ஆமாம் என்றார்.

ஆறு ரகத்தின் முடிவுகள் அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தன. அவற்றில் மூன்று, எங்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றின் அக்கா தங்கைகள். இரண்டு கொஞ்சம் விலகி நின்றன. நிறம் மாறுகிற அந்த ஒன்றில் மட்டும், வேறு எதிலுமே இல்லாத நான்கு வடிவங்கள் இருந்தன. தலைவர் அதைத் தனியாக விதைக்கச் சொன்னார். பழைய இரண்டு பெற்றோரையும் அவர்களால் வந்த பிள்ளைகளையும் வயலிலிருந்து பிடுங்கியாயிற்று. அன்று அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அறிக்கையில் நான் எழுதிய வரிகள் மூன்று. பதினோரு மாதிரிகள் குறிப்பிட்ட ஊர்களிலிருந்து சேகரிக்கப்பட்டவை அல்ல. சேகரிப்பாளர் அப்போது நோயுற்றிருந்தார். ஒரு ரகம் இதனால் கிடைக்காமல் போயிற்று. மூன்றாவதைத் தலைவர் அடிக்கப் பார்த்தார். அது கட்டாயம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். இரண்டாவதை அவர் தொடவே இல்லை. சேகரித்தவர்கள் என்கிற இடத்தில் அண்ணனின் பேர் அப்படியே இருக்கிறது. மிச்ச இருநூறையும் அவர்தான் கொண்டுவந்தார். அவை எல்லாம் நிஜமான ஊரிலிருந்து, நிஜமான ஆட்களிடமிருந்து வந்தவை. அதையும் நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருதடவை அண்ணியோடு போய்வருகிறேன். அழுகை இன்னும் வரவில்லை. மருத்துவர் அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை என்கிறார்.

போன வாரம் ஒரு காலை பல் தேய்க்கும்போது வாய் எரிந்தது. வெளியே வந்து, புதுப் பற்பசை ரொம்பக் காரமாக இருக்கிறதே, எப்போது மாற்றினீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பை அப்படியே நிறுத்தினார்.

"அது நாலு மாசமா அதேதான்" என்றார்.